சுமிமாசெனா, கோமென் நசாயா?

உணவகத்தில் பணியாளரைக் கூப்பிட ஜப்பானிய மொழியில் 'கோமென் நசாய்' என்றதும் அவர் குழம்பிப்போனார் என்று எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம், ஆரம்பத்தில் பலருக்கும் வரும் குழப்பம்தான்.

கோமென் நசாய் மன்னிப்புக் கேட்க மட்டும்தான். கூப்பிட 'சுமிமாசென்' சொல்லுங்கள். 'சுமு' என்றால் முடிதல், தீர்தல். சுமிமாசென் என்றால் 'தீரவில்லை', அதாவது உங்களுக்குத் தந்த சிரமத்துக்கு நான் இன்னும் ஈடு செய்யவில்லை. அதனால்தான் ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால் நன்றியாகவும் இதையே சொல்கிறார்கள். தெரியாமல் காலை மிதித்துவிட்டாலும் இதுவே போதும்.

கோமென் நசாய் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் இயல்பாக இருக்கும். அப்புறம், வேலையிடத்தில் மேலதிகாரியிடம் தவறுக்கு வருந்தும்போது இரண்டும் போதாது. 'மோஷிவாகே அரிமாசென்' என்பதே பொருத்தம்.