உண்மை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி, வந்த நோட்டீஸ் 31,400 வெள்ளி

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் சில வருடங்களாகச் சமையல் எடுத்துச் செய்கிறேன். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு, வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்திருக்கிறேன். லாபம் பெரிதாக இல்லையே என்று வரிப் பாரம் எதுவும் அனுப்பவில்லை. இப்போது 2023, 2024 இரண்டு ஆண்டுக்கும் அபராதத்தோடு 31,400 வெள்ளி கட்டச் சொல்லி எல்எச்டிஎன் (மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியம்) நோட்டீஸ் வந்து 18 நாள் ஆகிறது. எனக்கு ஆண்டுக்கு 38,000 வெள்ளிதான் மிஞ்சும். தம்பி வீடு வாங்கக் கொடுத்து வைத்த பணமும், கூட்டு (சீட்டு) பணமும் என் வங்கிக் கணக்கில்தான் வந்து போயின. தெரிந்தவர் ஒருவர் பழைய தேதியில் பில் போட்டுத் தருகிறேன் என்கிறார். டிசம்பரில் அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போக வேண்டும். விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்களா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் கையில் 12 நாள்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 99ஆவது பிரிவுப்படி, நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்குரியது 'கியூ' பாரம். அதை உங்கள் கோப்பு இருக்கும் எல்எச்டிஎன் கிளையிலேயே கொடுக்க வேண்டும். இரண்டு நோட்டீஸ் என்றால் இரண்டு பாரம். தபால் என்றைக்கு வந்தது என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். நோட்டீஸில் அச்சான தேதியிலிருந்து எண்ணுங்கள். கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் தவறிப்போனால் நீட்டிப்பு கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். 'பயந்துபோய்ப் பிரிக்காமல் வைத்துவிட்டேன்' என்பதைக் காரணமாக ஏற்பார்கள் என்று நம்ப முடியாது.

இவ்வளவு பெரிய தொகை எப்படி வந்தது? நீங்கள் பாரம் அனுப்பாததால், 90ஆவது பிரிவு தரும் அதிகாரத்தில் அவர்களே வருமானத்தை மதிப்பிட்டிருக்கிறார்கள். வங்கியில் விழுந்த பணத்தையெல்லாம் வியாபார வரவாக எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கணக்கு உண்மையானால் நிலைமை வேறு. 38,000 லாபத்தில் தனிநபர் கழிவு 9,000 போக 29,000. அதற்கு வரி 420 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. மிச்சம் 20 வெள்ளி! பாரம் அனுப்பாததற்கான அபராதத்தையும் வரியை வைத்துத்தான் போடுகிறார்கள், ஆகவே வரி இறங்கினால் அதுவும் இறங்கும். எத்தனை சிறு வியாபாரிகள் 'நமக்கு என்ன வரி வரப்போகிறது' என்று சும்மா இருந்தே இந்தக் குழியில் விழுகிறார்கள் என்று பார்க்கும்போது மனம் நோகிறது. வரி கட்ட வேண்டியதில்லை என்பது வேறு, பாரம் அனுப்ப வேண்டியதில்லை என்பது வேறு.

ஆனால் நாம் சொன்னால் போதாது. மதிப்பீடு அதிகம் என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. அதனால் கியூ பாரத்தோடு இரண்டு ஆண்டுக்குமான 'பி' பாரத்தையும் (வியாபாரிகளுக்கான வரிப் பாரம்) வரவு செலவுக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். 24 மாத வங்கி அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு வரவுக்குப் பக்கத்திலும் அது என்ன பணம் என்று எழுதுங்கள். தம்பி பணத்துக்கு அவருடைய வங்கி அறிக்கை, வீட்டு ஒப்பந்த நகல், அவர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றும் வேண்டும். கூட்டுப் பணத்தில் கொஞ்சம் கவனம்: கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நீங்கள் சீட்டுப் போட்டவர் மட்டும்தானா, நடத்தியவரா? நடத்தியவர் என்றால் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.

செலவுக்கு ரசீது இல்லை என்று கவலைப்படுவீர்கள். செலாயாங் மொத்தச் சந்தையில் வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம் இரண்டு ஆண்டுக் கொள்முதல் பட்டியல் கேளுங்கள். நீங்கள் கணக்கு எழுதும் 555 சிறு புத்தகம், வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்கள், கேஸ் தோம்புக்குக் (சிலிண்டர்) கட்டிய பணம் எல்லாம் ஆதாரம்தான். அதிகாரி எல்லாவற்றையும் ஏற்பார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றன்று எழுதிய கிறுக்கலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. உதவியாளர்களுக்குக் கொடுத்த கூலியைச் சேருங்கள். அவர்களுக்கு இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கட்டவில்லை என்றால் அது தனிப் பிரச்சினை. அதற்கு அஞ்சி இங்கே கூலியை மறைக்காதீர்கள். உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொண்ட சம்பளமும் வீட்டுக்குப் போன சாமானும் கழிவில் சேராது.

பழைய தேதி பில்? வேண்டவே வேண்டாம். இப்போது உங்கள் மேல் இருப்பது கவனக்குறைவு. பொய் பில் கொடுத்த நிமிடம் அது 114ஆவது பிரிவில் வரும் வரி ஏய்ப்பாகிவிடும்: மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அதற்கு மேல் வரியைப்போல மூன்று மடங்கு. 20 வெள்ளி வரிக்காக யாராவது சிறை வாசல்வரை போவார்களா? அவரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உதவி தேவை என்றால் உரிமம் பெற்ற வரி முகவரிடம் மட்டும் போங்கள். உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பயணம். மேல்முறையீடு போட்டாலும், முடிவு வரும்வரை நோட்டீஸ் தொகை கட்ட வேண்டிய தொகைதான். 30 நாளில் கட்டாவிட்டால் 10 விழுக்காடு கூடும். 104ஆவது பிரிவின்கீழ், பாக்கி வைத்துவிட்டு நாட்டை விட்டுப் போகப் பார்க்கிறார் என்று எல்எச்டிஎன் தலைமை இயக்குநர் கருதினால் குடிநுழைவுத் துறை மூலம் தடுக்க முடியும். நோட்டீஸ் வந்த எல்லோரையும் தடுப்பதில்லை. மேல்முறையீட்டைக் கொடுக்கும் அன்றைக்கே, முடிவு வரும்வரை மாதத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதமும் கொடுங்கள். உங்களால் முடிந்த தொகையைச் சொல்லி, முதல் தவணையைத் தாமதிக்காமல் கட்டுங்கள். மதிப்பீடு குறைந்தால் கூடுதலாகக் கட்டியது திரும்ப வரும். டிக்கெட் வாங்கும் முன், குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு உங்கள் பெயரில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை பாருங்கள். தடை இருந்தால் விமான நிலையத்துக்குப் போக வேண்டாம், நேராக எல்எச்டிஎன் கிளைக்குப் போங்கள். தடையை நீக்கும் கடிதம் அங்கிருந்துதான் வர வேண்டும்.