பழைய லேப்டாப் பேட்டரி செல்லை வச்சு பவர் பேங்க் செய்யலாமா?

செய்யலாம், நானே ரெண்டு செஞ்சு வச்சிருக்கேன். பேட்டரி பேக் செத்துடுச்சுன்னா உள்ள இருக்குற 6 செல்லும் போச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் ஒரு ஜோடிதான் படுத்திருக்கும், மத்த 4 நல்லாவே இருக்கும். அந்த உருளை செல்லுக்கு பேரு 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம்.

பிளாஸ்டிக்கை பிரிக்கும்போது ஸ்க்ரூடிரைவரை உள்ள விட்டு நெம்பாதீங்க, செல்லுல குத்துச்சுன்னா புகையோட தீயே வரும். பிரிச்சதும் ஒவ்வொரு செல்லோட வோல்டேஜையும் மல்டிமீட்டர் வச்சு அளந்து பாருங்க, 2 வோல்ட்டுக்கு கீழ இருந்தா தயவு தாட்சண்யம் பாக்காம ஒதுக்கிடுங்க, குப்பைல போடாம இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுங்க.

சார்ஜ் பண்ண டிபி4056 (TP4056)னு ஒரு குட்டி சார்ஜிங் போர்டு போதும், 4.2 வோல்ட் வந்ததும் அதுவே நிறுத்திடும். ஆனா வாங்கும்போது பாருங்க, செல்லை இணைக்கிற பி ப்ளஸ் (B+), பி மைனஸ் (B-) முனை மட்டும் இருந்தா பாதுகாப்பு சிப் இல்லாத போர்டு, அவுட் (OUT)னு தனியா ரெண்டு முனை இருக்குறதுதான் வேணும் (கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதாம்பாரு, நம்பாதீங்க). போனுக்கு 5 வோல்ட் வேணும்ல, அதுக்கு அவுட்ல ஒரு பூஸ்ட் மாட்யூல், அதாவது வோல்டேஜை ஏத்திக் குடுக்குற சின்ன போர்டு, மாட்டணும்.

ரெண்டு செல்லை பேரலலா (ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ்) போடுறதுக்கு முன்னாடி தனித்தனியா ஃபுல் சார்ஜ் ஏத்தி வோல்டேஜ் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கரண்ட் பாய்ஞ்சு சூடாகிடும். செல் மேல நேரடியா சால்டரிங் வேண்டாம், ஹோல்டர் வாங்கிக்கோங்க. முதல் தடவ சார்ஜ் போட்டுட்டு தூங்கிடாதீங்க, பக்கத்துலயே இருந்து தொட்டு பாருங்க, கை சுட்டா கழட்டிடுங்க.