அண்ணனை எப்படிப் பேச வைப்பது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். அண்ணன் லாரி ஓட்டுநர். போன வருஷம் நடந்த விபத்தில் கூடப் போன கிளீனர் பையன் அவர் கண் முன்னாலேயே இறந்துவிட்டான். அதிலிருந்து வண்டி எடுப்பதில்லை. ராத்திரி தூக்கமில்லை, குடி கூடிவிட்டது. டாக்டரிடம் கூப்பிட்டால் "நான் என்ன பைத்தியமா?" என்கிறார். அண்ணியும் நானும் எவ்வளவு கேட்டும் வாயே திறப்பதில்லை. எப்படிப் பேச வைப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பேச வைக்க வேண்டாம். கொடுமையைப் பார்த்து வந்தவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று முன்பு நம்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் கிளறுவதை உலக சுகாதார நிறுவனமே இப்போது வேண்டாம் என்கிறது. பேச்சு வரும்போது வரட்டும். அதுவரை அவர் தனியாகக் கிடக்கக் கூடாது.

நம் பக்கத்து ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனசைத் திறப்பது அபூர்வம். மோட்டாரைக் கழற்றும்போதோ ஜல்லிக்கட்டுக் காளைக்கு நடை பழக்கும்போதோதான் ரெண்டு வார்த்தை விழும். ஆஸ்திரேலியாவில் 1990களில் இதற்காகவே ஆண்களுக்குப் பட்டறைக் கொட்டகைகள் போட ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்றவர், தனியாகிப் போனவர் எல்லாம் அங்கே மரவேலை பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். நமக்கு மந்தையும் லாரிப் பட்டறையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் இங்கே நாலு பேர் கூடினால் சாயங்காலம் பாட்டிலில் போய் முடிகிறது. அந்தக் கூட்டம் உங்கள் அண்ணனுக்கு ஆகாது.

அதனால் ஒரே ஒருவரைப் பிடியுங்கள். அவரோடு வண்டி ஓட்டிய மூத்தவர், குடிக்காதவர், தானும் ஒரு விபத்தைக் கடந்து வந்தவர். இந்தத் தொழிலில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போக மாட்டார். அறிவுரை எதுவும் வேண்டாம், காலையில் வந்து பட்டறைக்குக் கூட்டிப் போனால் போதும் என்று அவரிடம் கேளுங்கள். "எனக்கும் ரொம்ப நாள் தூக்கம் வரலப்பா" என்று அவர் வாயிலிருந்து வந்தால் அதற்கு இருக்கிற பலம் என் பதிலுக்குக் கிடையாது. டாக்டர் விஷயத்தையும் அவரே எடுக்கட்டும்.

சிகிச்சை கட்டாயம் வேண்டும், தோழமை மட்டும் போதாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடியை ஒரே நாளில் விடச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதை டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், "நானும் அன்னைக்கே போயிருக்கலாம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். 2022ல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அன்றைக்கு அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் போனிலும் அந்த மூத்த ஓட்டுநர் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.