சீஸ் மேலோட்டுடன் வெள்ளை மீன்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: துருவிய சீஸையும் ரொட்டித்தூளையும் வெள்ளை மீன் துண்டுகளின் மேல் பரப்பி ஓவனில் வைத்தால் இருபது நிமிடத்தில் இரவு உணவு தயார் என்று படித்துவிட்டு, உறைநிலையில் விற்கப்படும் முள் நீக்கிய துண்டுகளை வாங்கிச் செய்தேன். தட்டில் வெண்ணிறத் தண்ணீர் தேங்கியது, மேலோடு ஊறிக் குழைந்துவிட்டது, மீனும் வெகுவாகச் சுருங்கிப் போனது. கோளாறு என் சமையலிலா, வாங்கிய பொருளிலா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பங்கு பொருளுக்கும் சிறுபங்கு சமையலுக்கும் உரியது என்றே தோன்றுகிறது. உறைந்த மீன் துண்டுகளின் மேல் மெல்லிய பனிப்படலம் இருப்பது வழக்கம். காற்றுப் பட்டு மீன் வறண்டுவிடாமல் இருப்பதற்காக, உறைந்த துண்டைக் குளிர்ந்த நீரில் முக்கியோ நீரைத் தெளித்தோ அந்தப் படலத்தை உண்டாக்குகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. பனியின் எடைக்கும் சேர்த்து மீன் விலையை வசூலிப்பதுதான் தவறு. உறைந்த மீன் துண்டுகளுக்கான கோடெக்ஸ் பன்னாட்டு உணவுத் தர விதி, பொட்டலத்தில் அச்சிடும் நிகர எடையில் பனிப்படலத்தின் எடை சேரக் கூடாது என்கிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். உறைந்த துண்டை மெல்லிய குளிர்ந்த நீரோட்டத்தில் காட்டி, மேற்பரப்பின் வழவழப்பான பனி நீங்கிச் சதை விரலில் தட்டுப்படத் தொடங்கியதும் நிறுத்தி, ஈரத்தை ஒற்றியெடுத்து, உள்ளே உறைந்திருக்கும்போதே சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அச்சிட்ட எடையைவிடத் தெளிவாகக் குறைந்தால், தராசையும் பொட்டலத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்துகொண்டு, ரசீதுடன் கடையில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. உருகிய பிறகு எடை பார்த்தால் அந்த வாதம் நிற்காது. உறைந்த மீன் எதுவாயினும் உருகும்போது சிறிதளவு சாற்றை இழப்பது இயல்பு.

உங்கள் தட்டைக் குளமாக்கியது, என் ஊகத்தில், பனிப்படலம் அன்று. சதைக்குள் ஏற்றப்பட்ட தண்ணீர். பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊறவைத்த மீன் இயல்பைவிட அதிக நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சூடேறியதும் அதில் ஒரு பகுதியை விட்டுவிடும். பொருட்பட்டியலில் ‘பாலிபாஸ்பேட்’, ‘சோடியம் டிரைபாலிபாஸ்பேட்’ என்ற சொற்களையோ 450, 451, 452 என்ற எண்களையோ தேடுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இவை உணவில் இருப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால், மேலோடு மொறுமொறுப்பாக வர வேண்டிய ஓர் உணவுக்கு அப்படிப்பட்ட மீன் பொருந்தாது. சமைத்த மீனின் மேல் அங்கங்கே காணப்படும் வெண்ணிறத் திட்டுகளை மட்டும் கண்டு ஐயப்பட வேண்டாம். அவை சூட்டில் உறைந்த புரதம், நல்ல மீனிலும் வரும்.

பட்டியலைவிட ஊட்டச்சத்து அட்டவணைதான் எனக்கு நம்பகமான சாட்சி. காட் மீனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 17 அல்லது 18 கிராம் புரதமும், திலாப்பியாவில் ஏறத்தாழ 20 கிராமும் இருக்கும். சோடியம், எதுவும் சேர்க்காத மீனில், பொதுவாக 100 மில்லிகிராமுக்குள் நிற்கும். காட் என்று எழுதிய பொட்டலத்தில் புரதம் 13 கிராம், சோடியம் 300 மில்லிகிராம் என்று இருந்தால், மீதி இடத்தை எது நிரப்பியிருக்கிறது என்பதை எவரும் எளிதில் கணித்துவிடலாம். பாசா மீனில் புரதம் இயல்பாகவே சற்றுக் குறைவு என்பதால், அதே இன மீனின் இரண்டு மூன்று பொட்டலங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதே நியாயமான முறை.

இனி சமையலின் பங்கு. மீனை முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். காற்று நீக்கி அடைத்த உறையாக இருந்தால் உருகுவதற்கு முன்பே அதைக் கிழித்துத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத உறைக்குள், குளிர்பெட்டியின் தாழ்ந்த வெப்பநிலையிலும் நஞ்சை உண்டாக்கக்கூடிய போட்டுலினம் வகைப் பாக்டீரியா உண்டு. சமைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாக மீனின் மேல் மெல்லிதாக உப்புத் தூவி, அது வெளியேற்றும் நீரை அழுத்தித் துடைத்துவிட்டு, அதன் பிறகே சீஸ் கலவையைப் பரப்புங்கள். இந்தத் துடைப்பைத் தவிர்த்தவர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த மீனும் உதவாது.

கேள்வி: இதற்குப் பர்மேசான் என்னும் கடினமான சீஸின் கட்டியை வாங்கித் துருவ வேண்டுமா? டப்பாவில் தூளாக விற்பது பாதி விலைக்குக் கிடைக்கிறதே. அதில் மரத்தூள் கலக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ‘மரத்தூள்’ என்பது மிகைப்படுத்திய பேச்சு. துருவிய சீஸ் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தாவரநாரிலிருந்து எடுக்கும் செல்லுலோஸைச் (460 என்ற எண்ணில் காணலாம்) சிறிதளவு சேர்க்கிறார்கள். சில நிறுவனங்கள் உருளைக்கிழங்கு மாவைச் சேர்க்கின்றன. மரக்கூழிலிருந்தும் செல்லுலோஸ் எடுக்கப்படுவதால் இந்தப் பேச்சு கிளம்பியது. அளவு குறைவாக இருக்கும்வரை அது தீங்கில்லாதது. ஆனால் மேலோட்டில் சீஸ் உருகி இணைவதற்கு அது தடை போடுகிறது, அதனால் மாவுப்படிந்த வறண்ட பரப்பே கிடைக்கிறது.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பார்மிஜானோ ரெஜானோ’ என்பது இத்தாலியின் குறிப்பிட்ட மாவட்டங்களில், பாலும் உப்பும் உறைப்பானும் மட்டும் கொண்டு செய்து, குறைந்தது 12 மாதம் முதிரவைத்த சீஸுக்கு உரிய பாதுகாக்கப்பட்ட பெயர். கட்டியின் தோலிலேயே அந்தப் பெயர் புள்ளி எழுத்துகளால் பொறிக்கப்பட்டிருக்கும். ‘பர்மேசான்’ என்ற சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதற்கே உரியது என்று அதன் நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஒன்றியத்துக்கு வெளியே பல நாடுகளில் அந்தச் சொல்லை எவரும் பயன்படுத்தலாம் என்பதால், அங்கே அது முதிர்ச்சிக்கோ தரத்துக்கோ உத்தரவாதம் ஆகாது.

ஆயினும், இந்த உணவுக்கு அந்த உயர்ந்த விலைக் கட்டி தேவையில்லை என்பதே என் கருத்து. வேண்டியது கடினமான, முதிர்ந்த, நீர் குறைந்த சீஸ். எந்த நாட்டினதாயினும் சரி. முதிர்ந்த பர்மேசான் வகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர்; புதிய மொஸரெல்லாவில் பாதிக்கும் மேல். மொஸரெல்லா நூலாக இழுபடும், ஆனால் மீன் மேல் ஈரப் போர்வையாகப் படிந்துவிடும். பொட்டலத்தில் ‘சீஸ்’ என்று இல்லாமல் ‘சீஸ் சுவையுடைய கலவை’, ‘சீஸ் மாற்று’ என்றிருந்து, பட்டியலில் தாவர எண்ணெய் முதலிடத்தில் வந்தால் அதை விட்டுவிடுங்கள். அது சூட்டில் எண்ணெயைக் கக்குகிறது.

நால்வருக்கு, அதாவது ஏறத்தாழ 600 கிராம் மீனுக்கு, 50 கிராம் துருவிய சீஸ், அதில் பாதி அளவு ரொட்டித்தூள், இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது மயோனைஸ், மிளகுத்தூள், சிறிது எலுமிச்சைத் தோல் துருவல் போதும். சீஸே உப்பு மிகுந்தது என்பதால் கலவையில் உப்பு வேண்டாம். 200 டிகிரி செல்சியஸ் சூட்டில், 2.5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள துண்டுக்குச் சுமார் 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும். மெல்லிய துண்டாக இருந்தால் மேலோடு பொன்னிறமாவதற்குள் மீன் வெந்து உலர்ந்துவிடும். அதற்கு ஓவனின் மேற்சூட்டை மட்டும் இயக்கிச் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் ‘வெள்ளை மீன்’ என்று மட்டும் எழுதி மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இனப்பெயர் இல்லாத மீனை நான் வாங்க மாட்டேன். விலை குறைந்த பாசாவை விலை உயர்ந்த மீனின் பெயரில் விற்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட மோசடி. மலிவான மீனை மலிவான பெயரிலேயே வாங்கினால் இழப்பு இல்லை, சீஸ் மேலோட்டின் கீழ் பாசாவும் திலாப்பியாவும் நன்றாகவே இருக்கும். இதைவிடக் கவலைக்குரியது எஸ்கோலார் என்னும் மீன். வெண்ணிறச் சதையும் வெண்ணெய் போன்ற சுவையும் கொண்ட இது, சில இடங்களில் வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. இதிலுள்ள மெழுகுக் கொழுப்பை நம் குடல் செரிப்பதில்லை. சிலருக்கு எண்ணெயாகவே வயிற்றுப்போக்கு ஏற்படும். ஜப்பானும் இத்தாலியும் இதன் விற்பனையைத் தடை செய்துள்ளன. பொட்டலத்தில் அறிவியல் பெயரும் பிடித்த அல்லது வளர்த்த இடமும் இருந்தால் ஐயத்துக்கு இடம் குறையும்.

கேள்வி: சீஸ் மேலோட்டுடனேயே தயாராக உறைய வைத்து விற்பதை வாங்கினால் என்ன?

பதில்: நேரம் மிச்சம், விலையைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பொருட்பட்டியலில் மீனின் விழுக்காடு எழுதியிருக்கும். 400 கிராம் பொட்டலத்தில் மீன் 55 விழுக்காடு என்றால் நீங்கள் வாங்குவது 220 கிராம் மீன். மீதி மாவும் எண்ணெயும் சிறிதளவு சீஸும். முழுத் துண்டா, அரைத்து வடிவமைத்ததா என்பதையும் பாருங்கள். இத்தகைய பொருள்கள் பலவும் மேலே மட்டும் பொரித்து, உள்ளே பச்சையாகவே உறைய வைக்கப்பட்டவை. நிறத்தைக் கண்டு வெந்துவிட்டதாக எண்ணாமல், உருகவிடாமல் நேரே ஓவனில் வைத்து, நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை சமைக்க வேண்டும். வீட்டில் எவருக்கேனும் ஒவ்வாமை இருந்தால், மீன், பால், கோதுமை தவிர முட்டையும் கடுகும் மேலோட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு வாங்குங்கள். பொட்டலத்தின் படம் மாறாமலே உள்ளிருக்கும் கலவை மாறுவதுண்டு.