கேம் கன்சோலைத் திறந்து மாற்றலாமா? சர்வீஸ் கடைக்காரரின் கேள்விக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் செல்போனும் கேம் கன்சோலும் சர்வீஸ் செய்யும் கடை வைத்திருக்கிறேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். பாதிப் பெட்டிகள் துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ அண்ணனோ மச்சானோ கொண்டுவந்தவை. ஹெச்டிஎம்ஐ போர்ட் மாற்ற வருகிறவர்களே, ‘அண்ணாச்சி, அப்படியே ஜெயில்பிரேக் பண்ணி நாப்பது அம்பது கேம் ஏத்திக் குடுத்துருங்க’ என்கிறார்கள். மறுத்தால், ‘என் காசுல வாங்குன சாமான், அதத் தொறக்கதுக்கு யாருட்ட கேக்கணும்?’ என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? செய்து கொடுத்தால் என் மேல் வழக்கு வருமா?

பதில்: உங்கள் வாடிக்கையாளர் ஒரே மூச்சில் இரண்டு வேலைகளைக் கேட்கிறார். பூட்டைத் திறப்பது ஒன்று. காசு கொடுக்காத விளையாட்டுகளை ஏற்றுவது மற்றொன்று. முதலாவதில் அவர் பக்கம் பெருமளவு நியாயம் இருக்கிறது, இந்தியச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டாவது குற்றம், அதைச் செய்து கொடுப்பவர் கடைக்காரர் என்பதால் அவரை விடவும் உங்களுக்கே ஆபத்து அதிகம். இந்த இரண்டையும் மனத்தில் மட்டுமல்லாமல் கடைக் கணக்கிலும் பிரித்து வைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதற்குக் காரணம், பூட்டு அமைந்திருக்கும் விதம். விளையாட்டைத் தொடங்கும் முன், அதில் தயாரிப்பு நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று கன்சோலின் மென்பொருள் சரிபார்க்கிறது. கையொப்பம் இல்லாத எதையும் அது ஓடவிடாது. ஜெயில்பிரேக் என்பது, மென்பொருளில் உள்ள ஏதோ ஓர் ஓட்டையின் வழியாக இந்தச் சரிபார்ப்பை முடக்கிவிடுவது. முடக்கிய பிறகு, கல்லூரி மாணவர் தாமே எழுதிய சிறு விளையாட்டும் ஓடும், சொந்த விளையாட்டு வட்டிலிருந்து (டிஸ்க்) எடுத்த காப்புப் பிரதியும் ஓடும், இணையத்தில் இறக்கிய திருட்டுப் பிரதியும் ஓடும். எது எதுவென்று பெட்டிக்குத் தெரியாது. திருட்டைக் காட்டி நிறுவனம் எல்லாக் கதவையும் அடைக்கிறது. உரிமையைக் காட்டி வாடிக்கையாளர் எல்லாவற்றையும் கேட்கிறார்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தின் வழியே 65-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையைப் பாதுகாக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்துடன் ஒருவர் உடைத்தால், இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. ‘மீறும் நோக்கத்துடன்’ என்ற சொற்களை நன்றாகக் கவனியுங்கள். பூட்டை உடைத்தது மட்டுமே இங்கே குற்றமாகிவிடாது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பதற்குத் தடை இல்லை என்றும் கூறுகிறது.

எந்தெந்தக் காரியங்கள் தடையில்லாதவை என்பதை அறிய 52-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ பழுதாகியோ போனால் உதவும் என்று தற்காலிகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். தாமாக உருவாக்கிய வேறொரு நிரல் அதனுடன் இணைந்து இயங்கத் தேவையான, வேறு வகையில் எளிதாகக் கிடைக்காத தகவலை அறிவதற்கு வேண்டியதைச் செய்யலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராயலாம். சட்டப்படி தாமே பெற்ற பிரதியை, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயனுக்காக நகலெடுக்கவோ மாற்றியமைக்கவோ செய்யலாம். கன்சோலுக்குள் இருக்கும் இயங்குமென்பொருளும் ஒரு கணினி நிரல்தான், வாங்கியவர் அதைச் சட்டப்படிதான் பெற்றிருக்கிறார் என்பதால், இந்தக் கடைசி விதிவிலக்கு அவருக்கு வலுவான வாதம்.

யூடியூபில் அமெரிக்கர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு நம் ஊர்ப் பையன்கள் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விதிவிலக்குப் பெறாத வரை பூட்டை உடைப்பதே சட்டமீறல். 2010-இல் செல்போனுக்கு அந்த விதிவிலக்குக் கிடைத்தது. 2012-இல் கன்சோலுக்குக் கேட்டபோது மறுக்கப்பட்டது. 2021-இல்தான் வட்டு டிரைவைப் பழுதுபார்க்கும் அளவுக்கு மட்டும் கதவு திறந்தது. நம் சட்டம் அதைப் போன்றதல்ல, நோக்கத்தைப் பார்ப்பது. இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் வாங்கியவரை அதிகம் மதிக்கிறது என்றே சொல்வேன்.

இந்த மதிப்பு, ஹார்டு டிஸ்கில் ஐம்பது விளையாட்டுகளை ஏற்றும் நொடியில் முடிந்துவிடுகிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதும் அதற்கு உடந்தையாக இருப்பதும் 63-ஆம் பிரிவின்படி ஒரே குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரை அபராதம். திருட்டு நிரலைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 63-பி பிரிவு உண்டு. ஆனால் வணிக ஆதாயம் இல்லாமல் வீட்டில் பயன்படுத்தியவருக்கு, நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து ஐம்பதாயிரம் வரை அபராதத்தோடு விடலாம். கடையில் காசு வாங்கி ஏற்றிக் கொடுத்தவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. 63-ஆம் பிரிவுக் குற்றத்தில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம், அது பிணையில் விடத்தக்கதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி, பிடியாணை இல்லாமலே திருட்டுப் பிரதிகளையும் அவற்றைத் தயாரிக்க உதவும் பொருள்களையும் 64-ஆம் பிரிவின்படி கைப்பற்றலாம். பிளேஸ்டேஷனை மாற்றியமைத்துத் திருட்டு விளையாட்டுகளுக்கு வழி செய்து கொடுத்தவர்கள் மீது சோனி நிறுவனம் 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றதும் உண்டு.

நோக்கம் மனத்துக்குள் இருப்பது. நீதிமன்றம் அதைச் சுற்றியுள்ள சான்றுகளிலிருந்துதான் படிக்கும். கடை வாசலில் ‘ஜெயில்பிரேக், 50 கேம்ஸ்’ என்று போர்டு தொங்கினால், உள்ளே நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. மேசை இழுப்பறையில் விளையாட்டுகள் நிரம்பிய ஹார்டு டிஸ்க் இருந்தாலும் அப்படித்தான். ஐரோப்பிய நீதிமன்றமும் 2014-இல், கன்சோல் தயாரிக்கும் நின்டெண்டோ நிறுவனத்தின் வழக்கில், மாற்றியமைக்கும் கருவி நடைமுறையில் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றே கூறியது.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பெரும்பாலான கடைக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 65-ஏ பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தடையில்லாத காரியத்துக்காகவே என்றாலும், இன்னொருவருக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், அந்த இன்னொருவருடைய பெயர், முகவரி, அவரை அடையாளம் காணத் தேவையான விவரங்கள், எந்த நோக்கத்துக்காகச் செய்து கொடுக்கப்பட்டது என்பது ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். பில் புக்கில் ‘பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) சாப்ட்வேர், 1500’ என்று கிறுக்கி வைப்பது இதற்குப் போதாது. தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், பார்த்த அடையாள அட்டையின் வகை, கன்சோலின் மாடலும் வரிசை எண்ணும் என்று வரிசையாக எழுதி, நோக்கம் என்ற இடத்தில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘சொந்த வட்டுகளுக்குக் காப்புப் பிரதி எடுக்க’, ‘தானே எழுதும் நிரலைச் சோதிக்க’ என்பன போன்ற பதில் வந்தால் வேலையை எடுக்கலாம். ‘கேம் ஏத்த’ என்றால் எடுக்காதீர்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் செய்யப்போகிறார் என்று உங்களுக்கே தெரிந்தால், அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. விளையாட்டு எதையும் கடையிலிருந்து ஏற்றுவதில்லை என்ற வரியை ஜாப் கார்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளரிடம் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெட்டி அவருடையது, ஆனால் அது இணையும் ஆன்லைன் சேவை நிறுவனத்தினுடையது. மாற்றியமைத்த பெட்டியைக் கண்டுபிடித்தால் அதை ஆன்லைனிலிருந்து விலக்கும் அதிகாரத்தை நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. சேவையைப் பொறுத்தவரை அதில் குறை காண்பது கடினம். நின்டெண்டோ இன்னும் ஒரு படி மேலே போய், 2025 மே மாதத்தில் அமெரிக்கப் பயனர்களுக்கான ஒப்பந்தத்தைத் திருத்தி, விதியை மீறினால் பெட்டியையே முழுதாகவோ பகுதியாகவோ பயன்படாமல் ஆக்கலாம் என்று சேர்த்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சேவையை நிறுத்துவது வேறு; விலை கொடுத்து வாங்கி, வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் பொருளைத் தொலைவிலிருந்து முடக்குவது வேறு. நம் நாட்டில் யாருக்காவது அப்படி நேர்ந்தால், அவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற அடிப்படையில் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதன் அமர்வு மதுரையில் இருக்கிறது. பிணக்குகளை நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது.

நிறுவனக் கட்டுப்பாடு உண்மையிலேயே அநியாயமாக இருப்பது பழுதுபார்ப்பில்தான். முதலில் வந்த பிஎஸ்5 மாடல்களின் வட்டு டிரைவில் உள்ள சிறு போர்டு, பெட்டியின் தாய்ப் போர்டோடு மின்னணு முறையில் ஜோடி சேர்க்கப்பட்டது. இன்னொரு பெட்டியின் நல்ல டிரைவை அப்படியே எடுத்து மாட்டினால் விளையாட்டு வட்டைப் படிக்காது. பழைய போர்டைக் கழற்றிப் புது டிரைவில் பொருத்தியாக வேண்டும். மழைக்கால மின்னலில் அந்தப் போர்டே கருகிப்போயிருந்தால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? அங்கே திருட்டு எதுவும் இல்லை, நியாயமாக வாங்கிய வட்டுகள் அலமாரியில் இருக்கின்றன, ஆனாலும் பெட்டி அவற்றைப் படிக்காது. பிஎஸ்4-இல் இதைவிட விசித்திரமான ஒன்று இருந்தது. உள்ளே நேரம் காட்டப் பயன்படும் ரூபாய் நாணயம் போன்ற சின்ன பேட்டரி தீர்ந்து, பெட்டி சோனியின் சேவையோடு இணையவும் முடியாமல் போனால், கையில் வட்டு இருந்தும் விளையாட்டு ஓடாது. 2021-இல் வந்த 9.00 மென்பொருள் பதிப்பில்தான் சோனி அதைச் சரி செய்தது. அதுவரை, நிறுவனம் தன் சேவையை மூடும் நாளில் அத்தனை பிஎஸ்4-களும் பேட்டரி தீரத் தீர ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலை இருந்தது.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளத்தையும் தொடங்கியது. ஆனால் முதலில் எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே. கன்சோலுக்கென்று உதிரிபாகமோ சர்வீஸ் கையேடோ கேட்டு வாங்கும் சட்டம் இன்னும் வரவில்லை. உங்களைப் போன்ற கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து அந்தத் துறைக்கு எழுத வேண்டும். எந்த மாடலில் எந்தப் பாகம் ஜோடிப் பூட்டால் வீணாகிறது என்பது உங்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

வாரண்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிக்கு இங்கே நிறுவன வாரண்டியை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே பில்லோடு வாங்கியது என்றால், பெட்டியைத் திறக்கும் முன் வாரண்டி நாள் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நிறுவனமே அனுமதிக்கும் மாற்றங்களும் உண்டு. பிஎஸ்4-இல் ஹார்டு டிஸ்க் மாற்றுவதும் பிஎஸ்5-இல் எஸ்எஸ்டி என்ற கூடுதல் சேமிப்பகத்தைச் சேர்ப்பதும் அப்படிப்பட்டவை, அவற்றுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. வாரண்டி நாளுக்குள் வந்த குறையை, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு திறப்பைக் காட்டி நிறுவனம் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியலாம், அல்லது வாடிக்கையாளர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கடைசியாக, வேறெங்கோ ஜெயில்பிரேக் செய்யப்பட்டு, திருட்டு விளையாட்டுகளும் ஏற்றப்பட்டு, ஃபேன் அடைப்பு என்றோ லென்ஸ் போய்விட்டது என்றோ உங்களிடம் வரும் பெட்டிகள். தூசி தட்டுவதும் தெர்மல் பேஸ்ட் போடுவதும் லென்ஸ் மாற்றுவதும் குற்றத்துக்கு உடந்தை ஆகாது, தாராளமாகச் செய்யுங்கள். வாங்கும்போதே ‘மென்பொருள் ஏற்கனவே மாற்றப்பட்டது’ என்று ஜாப் கார்டில் குறித்து வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெறுங்கள். ஹார்டு டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால், புதிய டிஸ்கில் நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் நிறுவிக் கொடுத்து, பழையதை உறையிலிட்டு அவரிடமே திருப்பித் தாருங்கள். அதிலுள்ள விளையாட்டுகளைப் புதியதற்கு மாற்றித் தரச் சொன்னால், அதுவும் நகலெடுப்பதுதான் என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.