ஆரோன் பட்டு உடுத்தினாரா?
தறிக்காரர் பதில்கள்

வேதாகமத்தில் வரும் துணிமணிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. நான் வேதபண்டிதன் அல்ல. கைத்தறிச் சங்கத்தில் துணியின் தரம் பார்த்தே காலம் தள்ளியவன். அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் படத்தில் ஆரோனுக்குப் பளபளவென்று பட்டு அங்கி வரைந்திருக்கிறார்கள். வேதத்தில் பட்டு உண்டா ஐயா?
– வாசகி, நாசரேத்

இஸ்ரவேலரின் முதல் பிரதான ஆசாரியரான ஆரோனுக்குப் பட்டு கிடையாதம்மா. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன், இளநீலநூல், இரத்தாம்பரநூல் (ஊதா நூல்), சிவப்புநூல், அப்புறம் திரித்த மெல்லிய பஞ்சுநூல். சரக்கு அவ்வளவுதான். அந்தப் பஞ்சுநூலும் நம்மூர்ப் பருத்தி இல்லை, லினன். ஆளிவிதை காய்க்கிறதே, அதே செடியின் தண்டிலிருந்து உரித்த நார். எகிப்தில் ஏராளமாக விளைந்தது. ராகாப் வேவுகாரர்களை வீட்டு மாடியில் தட்டைகளுக்குள் ஒளித்துவைத்தாளே, அந்தத் தட்டைகளும் இந்தச் செடிதான். அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமாக அழுகவிட்டு, காயவைத்து, அடித்து நாரைப் பிரிக்க வேண்டும். பட்டுக்குக் குறைந்த பாடு என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு காரணமும் வேதத்திலேயே இருக்கிறது. ஆசாரியர்கள் ஆலயத்துக்குள் ஊழியம் செய்யும்போது ஆட்டுமயிர் உடுப்பு கூடாது, வேர்வை உண்டாக்கும் எதையும் கட்டக்கூடாது என்கிறது எசேக்கியேல் 44. பலிபீடத்து நெருப்புப் பக்கத்தில் நாளெல்லாம் நிற்கிறவருக்கு லினனைவிட நல்ல துணி ஏது?

பட்டு என்று பார்த்தால், எசேக்கியேல் 16-இல் பட்டுச்சால்வை வருகிறது. அது புழு கட்டிய பட்டுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சந்தேகமே இல்லாமல் பட்டு வரும் இடம் வெளிப்படுத்தல் 18:12, பாபிலோனின் சரக்குப் பட்டியல். அந்த முதல் நூற்றாண்டில் சீனப் பட்டு ரோமாபுரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் பட்டு உடுத்தக்கூடாது என்று கி.பி. 16-இல் செனட் சபை தடையே போட்டது. (பட்டுக்குத் தடை போட்டால் என்ன நடக்கும் என்று ஜவுளிக்கடை வைத்திருக்கிற யாரையும் கேட்கலாம்.) மல்பெரிப் பட்டுப்புழுவை வளர்க்கும் தொழில் மத்தியதரைக் கடல் பக்கம் வந்தது 6-ஆம் நூற்றாண்டில்தான். ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் துறவிகள் முட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஏபோத்தில் பொன் இழை ஓடியது என்கிறார்களே, அது நம் ஜரிகை மாதிரியா?
– வாசகர், காஞ்சிபுரம்

கேட்கவேண்டிய ஊரிலிருந்துதான் கேள்வி வந்திருக்கிறது! ஏபோத்து என்பது பிரதான ஆசாரியர் அங்கிமேல் கட்டும் மேலாடை. அதன் பொன் இழைக்கு யாத்திராகமம் 39:3 செய்முறையையே சொல்கிறது. பொன்னை மெல்லிய தகடாக அடித்து, அதைக் கம்பிகளாக நறுக்கி, மற்ற நூல்களோடு சேர்த்து நெய்தார்கள்.

நம் ஜரிகை வேறு வகை. அசல் ஜரிகையைப் பிரித்தால் நடுவில் பட்டு நூல் இருக்கும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன் முலாம் ஏற்றியிருப்பார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளிருந்து சிவப்பு எட்டிப்பார்க்க வேண்டும் என்பது நாங்கள் தரம் பார்க்கிற முதல் பாடம். ஆரோனுடைய இழைக்கு உள்நூலே கிடையாது, தகட்டிலிருந்து நறுக்கிய முழுப் பொன்.

அந்தப் பொன் இழையை எப்படிச் சேர்த்தார்கள் என்று தல்மூத் என்ற யூத நூலின் உரைகாரர்கள் கணக்கே போட்டிருக்கிறார்கள். இளநீலத்தில் 6 இழை, அதோடு ஒரு பொன் இழை, ஆக 7. இரத்தாம்பரம், சிவப்பு, லினன் மூன்றுக்கும் அப்படியே. நாலு ஏழு 28 இழையும் சேர்த்து முறுக்கினால் ஒரு நூல். நாம் பட்டில் இரண்டிழை மூன்றிழை முறுக்கிப் பாவு போட்டாலே சேலை கனக்கிறது என்று மருமகள்கள் முகம் சுளிக்கிறார்கள். 28 இழையில் நெய்த துணி உடம்பில் தழையத் தழைய விழுந்திருக்காது, விறைத்து நின்றிருக்கும். ஏபோத்தின் தோள்பட்டையில் பெயர்கள் வெட்டிய கல் இரண்டு, மார்ப்பதக்கத்தில் வரிசைக்கு மூன்றாக 12 கல். அந்தப் பாரத்தைத் தாங்க அப்படிப்பட்ட துணிதான் வேண்டும். கண்ணுக்கு அழகு என்பதற்காக மட்டும் பொன்னைச் சேர்த்தார்கள் என்று நான் நம்பவில்லை.

லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள் என்றால் பெரிய பணக்காரியா?
– வாசகர், பாளையங்கோட்டை

வசதியானவள் என்றுதான் படுகிறது. அப்போஸ்தலர் பவுலையும் கூட்டாளிகளையும் தன் வீட்டிலேயே தங்கவைத்தாளே, அதற்கு வீடு பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

அசல் இரத்தாம்பரச் சாயம் கடல் சங்குப்பூச்சியிலிருந்து வருவது. தீரு, சீதோன் பட்டணங்கள் அதில் பேர்போனவை. சீதோனில் உரித்துப் போட்ட ஓடுகள் குவிந்தே ஒரு மேடாகிவிட்டது, இன்றும் இருக்கிறது. ஓட்டை உடைத்துச் சிறு சுரப்பி ஒன்றை எடுக்க வேண்டும். வரும் நீரில் முதலில் ஊதாவே தெரியாது. காற்றும் வெயிலும் பட்டால்தான் மஞ்சளாகி, பச்சையாகி, ஊதாவில் வந்து நிற்கும். பவுல் ஃபிரீட்லேண்டர் என்ற ஜெர்மன் வேதியியலர் 1909-இல் 12,000 சங்குப்பூச்சிகளை எடுத்துச் சாயம் பிரித்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம். விலை ஏன் அப்படி இருந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் லீதியாளின் ஊரான தியத்தீராவில் செடி வேரிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயமும் ஓடியது. அவள் கடையில் இரண்டு தரமும் இருந்திருக்கலாம். எந்த ஜவுளி வியாபாரிதான் ஒரே தரத்தை வைத்துப் பிழைத்தான்?

தாவீது, சாலொமோன் காலத்துச் சாயத்துணி கிடைத்திருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைத்திருக்கிறது. இஸ்ரேலின் தெற்கே திம்னா செப்புச் சுரங்கப் பகுதியில், ஏறத்தாழ கி.மு. 1000 காலத்துக் கம்பளித் துண்டுகள். அவற்றில் இருப்பது அசல் சங்குப்பூச்சிச் சாயம் என்று 2021-இல் அறிவித்தார்கள். பாலைவன வறட்சிதான் அவற்றைக் காப்பாற்றியது. நம் மழைக்கு மூவாயிரம் வருஷத் துணி எங்கே மிஞ்சும்?

இந்தியத் துணி எருசலேம் தேவாலயம்வரை போனது உண்மையா?
– வாசகி, திருச்சி

உண்மைதான். கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூத நூலில் இருக்கிறது. பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியர் காலையில் எகிப்தின் பெலூசியம் ஊர் லினன் உடுத்துவார், மாலையில் இந்தியத் துணி. ரபி மேயர் விலையும் சொல்கிறார்: அந்தக் காலத்து யூத நாணயக் கணக்கில் காலை உடுப்பு 12 மானே, அதாவது 1,200 சூஸ், மாலை உடுப்பு 800 சூஸ். நம் சரக்கு அங்கே இரண்டாவது விலைதான், என்றாலும் ஏறிய இடம் பெரிய இடம்.

உறையூர் மெல்லிய துணி மேற்கே ஏற்றுமதியானதாக முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் குறிப்பு ஒன்றும் உண்டு. அதற்காக ஆசாரியர் கட்டியது உறையூர்த் துணி என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம்.

ஆட்டுமயிரும் நூலும் கலந்த வஸ்திரம் கூடாது என்று உபாகமம் 22 சொல்கிறது. பாலியஸ்டர் காட்டன் சட்டை போடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

தாராளமாகப் போடுங்கள். அந்தத் தடை கம்பளிக்கும் லினனுக்கும் மட்டும், அதுவும் இஸ்ரவேலருக்கு. பட்டுகூட அதில் சேராது என்கிறது மிஷ்னா. ஆனால் பார்க்கிறவர்கள் தப்பாக எண்ணுவார்கள் என்று அதையும் தவிர்க்கச் சொன்னார்கள்! வேடிக்கை என்னவென்றால், கூடாது என்ற அதே கலவைதான் ஆரோனின் ஏபோத்து: சாயம் ஏற்றிய நூல்கள் கம்பளி, பஞ்சுநூல் லினன். அதனால்தான் சாதாரண ஜனம் அதை உடுத்தக்கூடாது என்று விட்டார்கள் போலும்.

மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் பட்டு எடுத்தேன். அது பாபிலோன் வேசியின் உடுப்பு என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு ஊழியர் சொல்லிவிட்டார். மனசு சரியில்லை.
– ஒரு தாய், தூத்துக்குடி

வெளிப்படுத்தல் 18:16-ஐ நிதானமாகப் படியுங்கள் அம்மா. பாபிலோன் என்ற அந்த மகா நகரம் முதலில் உடுத்தியிருப்பதே மெல்லிய லினன். அடுத்த அதிகாரம் எட்டாம் வசனத்தில் ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவின் மனைவி உடுத்துவதும் மெல்லிய லினன். ஒரே துணி, இரண்டு பேருக்கும். துணியின் மேல் பழி போட வசனம் இடம் கொடுக்கவில்லை. கடன் வாங்கி எடுத்தீர்களா என்று அவர் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். எடுத்த சேலையைக் கட்டட்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், சேலையில் அசல் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சபை நாடகத்தில் பிரதான ஆசாரியர் வேஷம். கையில் காசு குறைவு. உடுப்புக்கு வழி சொல்லுங்கள்.
– வாலிபர் சங்கம், நாகர்கோவில்

முழு உடுப்பும் வேண்டுமென்றால் நீல அங்கியின் ஓரத்தில் மணி ஒன்று, மாதுளம்பழம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தொங்க வேண்டும். மணியை ஏபோத்தில் தைத்துவிடாதீர்கள், எல்லா நாடகத்திலும் அந்தத் தப்பு நடக்கிறது. அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. லேவியராகமம் 16-ஐ நாடகமாகப் போடுங்கள். பாவநிவிர்த்தி நாளில் மகா பரிசுத்த இடத்துக்குள் போகும்போது பொன்னும் கிடையாது, கல்லும் கிடையாது, மணியும் கிடையாது. வெள்ளைச் சட்டை, உள்ளே வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை இடைக்கச்சை, வெள்ளைப் பாகை, அவ்வளவுதான். கரையில்லாத கோராத் துணி எட்டு மீட்டர் எடுத்து ஒரு தடவை அலசிவிட்டுத் தையுங்கள். அலசாமல் தைத்தால் நாடகத்தன்று அங்கி முழங்காலுக்கு ஏறிவிடும்.