ஐந்தடி கட்டருக்கு 32,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: கருங்கல் பக்கம் மனைவி பெயரில் 4 ஏக்கர் தென்னை விளை இருக்கிறது. திருவட்டாறு பக்கம் என் பெயரில் 2 ஏக்கர் ரப்பர். கல்ஃபிலிருந்து திரும்பி வந்ததும் பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கினேன், 24 ஹெச்பி. காடு வெட்ட, அதாவது மண்டிக்கிடக்கும் புல்லையும் புதரையும் வெட்ட, ஆள்கூலி மட்டும் வருடத்துக்கு 48,000 ரூபாய் ஆகிறது. தென்னைக்கு மூன்று தடவை 36,000, ரப்பருக்கு இரண்டு தடவை 12,000. டிராக்டர் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடால் புல் வெட்டும் ரோட்டரி கட்டர் விசாரித்தேன். நாலடி அகலம் வெட்டுவது 62,000, ஐந்தடி 94,000 என்கிறார்கள். ஐந்தடிதான் லாபம், பக்கத்து விளைகளுக்கு வாடகைக்கு ஓட்டினால் ஒரே வருடத்தில் முதலை எடுத்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். கையில் ஒன்றேகால் லட்சம் இருக்கிறது, அது அவசரத்துக்கு வைத்த பணம். நகையை அடகு வைத்து வாங்கலாமா? எதை வாங்குவது?

பதில்: நாலடியை வாங்குங்கள். நகையை வைக்க வேண்டாம். வாடகை வருமானத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் கடைக்காரர் கையில் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் மானியத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள், அதுவும் மனைவி பெயரில்.

முதலில் அந்த 48,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். ரப்பருக்குப் போகும் 12,000 அப்படியே தொடரும். திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து ரப்பர் பெரும்பாலும் சரிவில் படி வெட்டி நட்டது. படியின் அகலமே நாலைந்து அடிதான். பின்னால் கனமான கட்டரைத் தூக்கிக்கொண்டு டிராக்டர் அங்கே திரும்ப இடம் கிடையாது, சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் கவிழ்ந்துவிடும். உங்கள் தோட்டம் சமதளமாகவே இருந்தாலும், மூடுபயிராகப் போட்ட பியூரேரியா கொடி ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்தும். ரப்பருக்கு ஆளும் தோளில் மாட்டும் மெஷினும்தான் சரி.

தென்னை விளையிலும் முழுக் கூலியும் மிச்சமாகாது. தென்னையின் அடியைச் சுற்றி, வேலி ஓரம், பம்ப் செட்டுப் பக்கம் எல்லாம் ஆள்தான் வெட்ட வேண்டும். 36,000-ல் கால் பங்கு இதற்குப் போகும் என்று வைத்தால் மிச்சம் 27,000. டீசலுக்கு 5,500, பிளேடு, கியர் ஆயில், கிரீஸ், சில்லறை ரிப்பேருக்கு 3,000 என்று கழித்தால் வருடத்துக்கு உண்மையில் கையில் நிற்பது 18,500 ரூபாய். நீங்கள் டிராக்டரில் உட்காரும் நேரத்துக்கு நான் கூலி போடவில்லை. 62,000 ரூபாய் கட்டர் மூன்றரை வருடத்துக்குள் முதலை எடுக்கும். ஐந்தடிக்கு ஐந்து வருடம் ஆகும்.

அப்படியானால் ஐந்தடி வாங்கி என்ன லாபம்? நேரம் மட்டும்தான். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், திரும்புகிற நேரத்தையும் சேர்த்தால், நாலடி கட்டருக்கு ஒரு ஏக்கர் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஐந்தடிக்கு ஒன்றேகால் மணி நேரம். மூன்று தடவைக்கும் சேர்த்து உங்களுக்கு 12 ஏக்கர் வேலை. வித்தியாசம் வருடத்துக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் 32,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

அந்த நாலு மணி நேரமாவது கிடைக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். 24 ஹெச்பி என்பது என்ஜின் கணக்கு. பிடிஓ, அதாவது பின்னால் மாட்டும் கருவிக்கு என்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டு, வழியாகக் கட்டருக்குப் போய்ச் சேருவது 20 ஹெச்பி அளவில்தான் இருக்கும், பழைய வண்டியில் இன்னும் கொஞ்சம் குறையும். ரோட்டரி கட்டருக்கு ஓரடி அகலத்துக்கு 5 ஹெச்பி என்பது நடைமுறைக் கணக்கு. நாலடிக்கு உங்கள் வண்டி சரியாகப் போதும். ஐந்தடியைப் போட்டால், மழை முடிந்து இடுப்பளவு வளர்ந்த புல்லிலும் உண்ணிச்செடியிலும் என்ஜின் திணறும். வேகத்தைக் குறைப்பீர்கள், நேர லாபம் போய்விடும். கட்டரின் கனமும் கூடுவதால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் பிடி தளரும். மினி டிராக்டரின் டயர் தடத்தை மூடும் அளவுக்கு அகலம் இருந்தால் போதும், அதற்கு நாலடி தாராளம்.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் உறுதிக்குச் செலவழியுங்கள். கடையில் கட்டரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி அடியில் குனிந்து பாருங்கள். பிளேடு இரண்டும் ஒரு வெறும் பட்டையில் மாட்டியிருக்கிறதா, வட்டமான தட்டில் மாட்டியிருக்கிறதா? தட்டாக இருந்தால், புல்லுக்குள் மறைந்திருக்கும் பழைய தென்னை அடிக்கட்டை மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிளேடு அதன் போல்ட்டில் தாராளமாக ஆட வேண்டும், கல்லில் பட்டால் பின்னால் மடங்குவதற்காக. மேல்தகட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். மெல்லிய தகடு என்றால், வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில் நாலைந்து வருடம்கூடத் தாங்காது.

ஷியர் போல்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கரைவது அங்கேதான். பிளேடு ஏதாவது கட்டையில் மாட்டினால் முதலில் உடைவதற்கென்றே பிடிஓ ஷாஃப்டில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். அது உடைந்தால் கியர்பாக்ஸ் தப்பிக்கும். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுபவர்கள் நிறைய. அப்புறம் கியர்பாக்ஸ் உடையும், இல்லையென்றால் டிராக்டரின் பிடிஓ உடையும், இரண்டுமே பல ஆயிரம். மேனுவலில் சொன்ன தரத்திலேயே பத்து போல்ட் வாங்கி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். போல்ட் உடைவதற்குப் பதிலாக, பாரம் கூடினால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ள மாடலும் கிடைக்கும். நல்லதுதான், ஆனால் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சீசனுக்கும் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வழுக்கவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். வருடத்துக்கு மூன்று தடவை மட்டும் ஓட்டும் உங்களுக்கு ஷியர் போல்ட்டே போதும்.

உங்கள் டிராக்டரைப் பற்றி ஒரு மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கட்டரின் கியர்பாக்ஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தது. சில மினி டிராக்டர்களில் அதைவிட வேகமான பிடிஓ உண்டு, அதில் போட்டு ஓட்டக் கூடாது. அடுத்து, கிளட்சை மிதித்தால் வண்டியோடு பிடிஓவும் சேர்ந்து விடுபடுகிற பழைய அமைப்பா என்று கேளுங்கள். அப்படியானால் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகமே வண்டியை முன்னால் தள்ளும், பிரேக் பிடிக்க முடியாது. அதற்கு, பிளேடின் சுழற்சி வண்டிக்குத் திரும்பி வராமல் தடுக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச் மாட்ட வேண்டும். அதன் விலையையும் இப்போதே கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம். சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம். சிறு விவசாயி என்றால் 5 ஏக்கருக்குள் நிலம் உள்ளவர். கட்டர் ஓடப்போவது மனைவி பெயரில் உள்ள 4 ஏக்கரில்தானே? எந்த வகையில் பார்த்தாலும் அவர் 50 சதவீதத்தில் வருகிறார். உழவன் செயலியில் பதியலாம், நாகர்கோவிலில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் நேரில் கேட்கலாம். ஆதார், சிட்டா, வங்கி பாஸ்புக், தாசில்தாரிடம் வாங்கிய சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மூன்று எச்சரிக்கை: மானியத்துக்கு உச்சவரம்பு உண்டு, துறையின் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும், அனுமதி வருவதற்கு முன் வாங்கிய மெஷினுக்கு மானியம் கிடையாது. பாதி விலை கிடைத்தால் 31,000 ரூபாய்தான் உங்கள் முதல். இரண்டு வருடம் ஆவதற்குள் திரும்பி வந்துவிடும். அனுமதி வர நாளாகலாம், அதனால் அடுத்த ஒரு தடவைக் காட்டை வழக்கம்போல் ஆள் வைத்தே வெட்டுங்கள்.

வாடகை வருமானத்தை ஏன் எடுக்கச் சொன்னேன் என்றால், எல்லோர் விளையிலும் புல் ஒரே நேரத்தில்தான் வளரும். மழை முடிந்த அந்த இரண்டு மூன்று வாரத்தில் ஊரெல்லாம் கூப்பிடும், உங்கள் விளை கடைசியில் நிற்கும். அடுத்தவர் நிலத்தில் எங்கே கம்பி கிடக்கிறது, எங்கே சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தேங்காய் வெட்டு முடிந்த விளையில் கதம்பையும் (தேங்காய் மட்டை) விழுந்த தேங்காயும் கல்லும் பிளேடில் பட்டால் தெறித்துப் போய் ஆளைக் காயப்படுத்தும். டிராக்டர் இன்சூரன்ஸ் வாடகை வேலைக்குச் செல்லுமா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். அப்புறம், விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, சரி. மெஷின் வாடகை விவசாய வருமானம் ஆகாது, அது தொழில் வருமானம். சொந்தக்காரர் விளையில் ஒன்றிரண்டு நாள் ஓட்டுங்கள், அதை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

நகையைப் பொறுத்தவரை, 62,000-க்கு 10 சதவீத வட்டி என்றாலே வருடத்துக்கு 6,200. நீங்கள் மிச்சம் பிடிக்கும் 18,500-ல் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். அதைவிடக் கையில் இருக்கும் பணத்திலிருந்தே கொடுங்கள். முழு விலையையும் முதலில் கட்டச் சொன்னாலும் 63,000 மீதி இருக்கும். மானியம் கணக்குக்கு வந்ததும் அதைத் தொடாமல் அவசரப் பணத்தோடு சேருங்கள். ஒவ்வொரு தடவை காடு வெட்டி முடித்ததும், ஆளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் 6,000 ரூபாயை அதே வாரம் அந்தக் கணக்கில் போடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவுக்கு ஒன்றேகால் லட்சமே போதாது என்றால், மானிய அனுமதி வரும்வரை வாங்கவே வேண்டாம்.

பில் போடும்போது ஒன்றைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாயக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்களுக்குச் சொன்ன 62,000 பழைய வரியில் போட்ட விலையா என்று கேளுங்கள். அப்படியானால் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்க வேண்டும்.